தையல் மிஷினுக்கு லீவு

தஞ்சாவூர் கீழவாசல் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி நாலு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். வீட்டு ரேழியிலேயே தையல் மிஷினைப் போட்டுக்கொண்டு, அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு ஜாக்கெட்டும் பாவாடையும், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு யூனிபாரமும் தைத்துக் கொடுத்து 11 வருஷமாகக் குடும்பத்தைத் தாங்கி வருகிறவர். கோயமுத்தூரில் இருக்கும் அவருடைய மகளுக்கு மாசி மாதத்தில் இரண்டாவது பிரசவம். மூத்த பிள்ளை அங்கே பள்ளிக்கூடம் போகிறான். ஆகையால் மகள் தாய் வீட்டுக்கு வருவதற்கில்லை. தாய்தான் போயாக வேண்டும். குறைந்தது 40 நாள்!

“40 நாள் கதவைச் சாத்திவிட்டுப் போனால், திரும்பி வரும்போது வாடிக்கை என்று எனக்கு யார் மிச்சம் இருப்பார்கள்? போகாமல் இருந்துவிட்டால் பெற்ற பெண்ணின் முகத்தில் எப்படி விழிப்பது?” என்று கேட்டிருக்கிறார். இந்த 11 வருஷத்தில் வெளியூரில் ஒரு ராத்திரிகூடத் தங்கியதில்லையாம். கூடப் பிறந்த தம்பி கலியாணத்துக்கே முகூர்த்தத்துக்குப் போய், பந்தியில் முதல் வரிசையில் உட்கார்ந்து எழுந்து, மத்தியானப் பஸ்ஸில் திரும்பிவிட்டாராம்.

இவர் ஒருவர் கதை அல்ல இது. கும்பகோணத்தில் நாலு வீட்டுக்குக் கேரியர் சாப்பாடு அனுப்பும் மாமி, மன்னார்குடியில் இட்லி மாவு அரைத்துக் கொடுக்கும் பெண், மாயவரத்தில் திண்ணையில் பிள்ளைகளை உட்கார வைத்து டியூஷன் சொல்லித் தரும் டீச்சரம்மா, திருவையாற்றில் பாட்டு சொல்லிக் கொடுப்பவர் என்று எல்லோருக்கும் இதே சங்கடம்தான். ஆபீசுக்குப் போகிறவருக்கு லீவு என்று ஒன்று காகிதத்தில் எழுதி வைத்திருக்கிறது. வீட்டிலேயே தொழில் நடத்துகிறவளுக்கு யார் எழுதி வைப்பார்கள்? போதாக்குறைக்கு, “நீதான் வீட்டிலேயே இருக்கிறாயே, உனக்கு எதற்கு லீவு?” என்று கேட்க வீட்டில் நாலு பேர் இருப்பார்கள்.

சட்டத்தில் ஒரு கணக்கு இருக்கிறது, கேளுங்கள். 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம், ஒரு வருஷத்தில் 240 நாள் வேலை பார்த்த தொழிலாளிக்கு, 20 நாள் வேலைக்கு ஒரு நாள் வீதம் சம்பளத்தோடு லீவு தரவேண்டும் என்று விதித்தது. அந்த அளவுகோலை எடுத்து உங்கள் ரேழியிலும் வைத்துப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமையும் பண்டிகையும் போக வருஷத்துக்கு 300 நாள் மிஷினை மிதிக்கிறீர்கள் என்றால், 15 நாள் லீவு உங்களுக்குச் சேரவேண்டியது. நம் கீழவாசல் சகோதரிக்கு 11 வருஷத்தில் 165 நாள் பாக்கி! அவர் கேட்பதோ 40 நாள்.

முதலாளியும் நாமே, தொழிலாளியும் நாமே என்கிறபோது அந்தச் சம்பளத்தை யார் கொடுப்பது? நாமேதான் கொடுத்துக்கொள்ள வேண்டும். இதற்கும் அந்த 20 என்ற எண்ணே வழி காட்டுகிறது. கையில் வரும் ஒவ்வொரு 20 ரூபாயிலும் ஒரு ரூபாயைத் தனியாக எடுத்துவையுங்கள். நூல், பாபின், லைனிங் துணி, கரண்ட் எல்லாம் கழித்து நாளைக்கு 400 ரூபாய் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 300 நாளைக்கு 1,20,000 ரூபாய். அதில் இருபதில் ஒரு பங்கு 6,000. 15 நாள் வேலை செய்யாமல் இருந்தால் நஷ்டமாவதும் அதே 6,000 தான். கணக்கு நேராக வந்துவிட்டது. தினமும் 20 ரூபாய், அவ்வளவுதான். ஆனால் அஞ்சறைப் பெட்டியில் போடாதீர்கள். அஞ்சறைப் பெட்டிப் பணம் யார் அவசரத்துக்கும் எழுந்து ஓடிவிடும். தபால் ஆபீஸ் சேமிப்புக் கணக்கோ, பாங்கில் தனியாக ஒரு கணக்கோ வைத்துக்கொள்வது நல்லது.

லீவு நாளில் வருமானம் நிற்கும், செலவு நிற்காது. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மகளிர் குழுவில் வாங்கிய கடனுக்குத் தவணை உண்டு. சீட்டுக் கட்ட வேண்டிய தேதி உண்டு. மிஷினையே தவணையில் வாங்கியிருந்தால் அது வேறு. குழுத் தவணை ஒரு மாதம் தவறினால் உங்கள் பேருக்கு மட்டும் அல்ல, கூட இருக்கும் பெண்கள் எல்லோருக்கும் தலைக்குனிவு. ஆகவே புறப்படுவதற்கு முன்பே அந்த மாதத் தவணையையும் அடுத்த மாதத்துத் தவணையையும் குழுத் தலைவியிடம் கொடுத்து, புத்தகத்தில் எழுதி வாங்கிக்கொண்டு போங்கள்.

இனி, எப்போது போவது என்பது. இதில்தான் நம் காவேரிக் கரைப் பெண்களுக்கு மற்ற ஊர்க்காரர்களுக்கு இல்லாத ஒரு சௌகரியம் இருக்கிறது. நம் ஊரில் பணம் எப்போது புழங்கும், எப்போது புழங்காது என்பது ஆற்றைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

காவேரியே வருஷா வருஷம் லீவு எடுத்துக்கொள்கிறவள்தானே! 1934-ல் மேட்டூர் அணை கட்டி முடிந்த பிறகு, ஜூன் 12-ல் திறப்பதும் ஜனவரி 28-ல் மூடுவதும் வழக்கமாகிவிட்டது. பிறகு நாலரை மாதம் ஆற்றில் மணல்தான். அந்த நாளில்தான் வாய்க்கால் தூர் வாருவதும், மதகு பழுது பார்ப்பதும் நடக்கின்றன. “காவேரி ஓடிப் போய்விட்டாள், இனி வேறு ஆற்றைப் பார்க்கவேண்டியதுதான்” என்று எந்த மிராசுதாரராவது சொன்னதுண்டா? தேதி தெரிந்திருக்கிறது, அதற்கு ஏற்ப நாற்றங்கால் விடுகிறார்கள். தேதி மாறினாலும் முன்னாடியே சொல்லிவிடுகிறார்கள். 2022-ல் தண்ணீர் நிறைய இருந்ததால் மே 24-லேயே திறந்தார்கள். 2024-ல் தண்ணீர் இல்லாமல் ஜூலை 28 வரை இழுத்துவிட்டது. 2025-ல் பழையபடி ஜூன் 12. குறுவைக்காரர்களுக்கு அந்த ஒரு தேதியில் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்பதை நான் சொல்லவேண்டியதில்லை.

அந்தத் தேதி தையற்காரிக்கும் உண்டு. குறுவை அறுவடை ஆகிக் கைக்குப் பணம் வரும் புரட்டாசி, ஐப்பசியில் தீபாவளித் துணி வந்து குவியும். சம்பா அறுவடை முடியும் தை, மாசியில் கலியாண ஜாக்கெட். பங்குனியை விட்டாலும் சித்திரை, வைகாசி விடாது. ஜூன் பிறந்தால் பள்ளிக்கூட யூனிபாரம். இதற்கு நடுவே எங்கே மூச்சு விடுவது என்றால், ஆடி மாதத்தில் முதல் 15, 18 நாள். கலியாணம் கிடையாது. யூனிபாரம் முடிந்துவிட்டது. ஜவுளிக்கடையில் ஆடித் தள்ளுபடி நடக்கும். புடவை வாங்குவார்களே தவிர உடனே ஜாக்கெட் தைக்கக் கொண்டுவர மாட்டார்கள். ஆவணி முகூர்த்தத்துக்கான துணி ஆடிப் பதினெட்டு கழிந்த பிறகுதான் மெல்ல வர ஆரம்பிக்கும். ஆடி 1 ஜூலை 17 வாக்கில் வருகிறது. பதினெட்டாம் பெருக்கு ஆகஸ்ட் 2 அல்லது 3. அந்த இடைவெளி தையற்காரிக்கென்றே பஞ்சாங்கக்காரர் ஒதுக்கி வைத்தது போல இருக்கிறது.

மார்கழியிலும் கலியாணம் இல்லையே என்று கேட்பீர்கள். மார்கழி ஏமாற்றும் மாதம். பொங்கலுக்கும் கிறிஸ்துமஸுக்கும் புதுத் துணி உண்டு, தை முகூர்த்தத்துக்கு வேலை உண்டு. மார்கழியில் லீவு எடுத்தவள் தை மாதம் முழுக்கத் தூங்க முடியாது.

நம் பஞ்சாங்கத்தை மட்டும் பார்த்து முடிவு செய்துவிடக் கூடாது என்பது இன்னொரு விஷயம். பாபநாசம், ராஜகிரி, அதிராம்பட்டினம் பக்கங்களில் முஸ்லிம் வாடிக்கைக்காரர்கள் நிறைய உண்டு. ரம்ஜான் வருஷத்துக்கு 10, 11 நாள் முன்னால் வந்துகொண்டே இருக்கும். போன வருஷம் சும்மா இருந்த மாதம் அடுத்த வருஷம் அவர்களுக்குப் பண்டிகை மாதமாகிவிடும். புது வருஷக் காலண்டர் வந்ததும் முதல் வேலையாக ரம்ஜான், பக்ரீத், வேளாங்கண்ணித் திருவிழா, தீபாவளி எல்லாவற்றையும் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டு, அவற்றுக்கு 20 நாள் முன்னால் ஒரு கோடு போட்டு வைத்தால், எது உண்மையான இடைவெளி என்பது கண்ணுக்கே தெரியும்.

ஒவ்வொரு தொழிலுக்கும் இந்தக் கோடு வேறே. டியூஷன் டீச்சர் மே மாதத்தில் எங்கே வேண்டுமானாலும் போகலாம். பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும் பரீட்சை எழுதும் மார்ச்சில் போனால் அது பிள்ளைகளுக்குச் செய்யும் துரோகம். திருவையாற்றுப் பாட்டு டீச்சருக்குத் தியாகராஜ ஆராதனைக்கு முந்தின மாதம் பஞ்சரத்னம் சொல்லிக் கொடுக்கவே நேரம் போதாது. ஆராதனை முடிந்தால் சாவகாசம். ஆனால் விஜயதசமியன்று ஊரில் இல்லாத பாட்டு டீச்சர், அந்த வருஷத்துப் புதுப் பிள்ளைகளைக் கைவிட்டாள் என்றே வைத்துக்கொள்ளலாம். கும்பகோணத்துக்காரர்கள் இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்: 2016-க்குப் பிறகு மகாமகம் 2028-ல் வருகிறது. அந்த மாசியில் லீவைப் பற்றி நினைக்கவே வேண்டாம். உறவுக்காரர்கள் உங்கள் வீட்டுக்கு லீவில் வந்திருப்பார்கள்.

இதெல்லாம் நாம் தேர்ந்தெடுக்கும் லீவு. கீழவாசல் சகோதரிக்கு வந்திருப்பது தன்னைத் தானே தேர்ந்தெடுத்துக்கொண்ட லீவு. குழந்தை பஞ்சாங்கம் பார்த்தா பிறக்கிறது? மாசி என்றால் கலியாண வேலை மும்முரமாக இருக்கும் சமயம்தான். நஷ்டமே வராது என்று நான் சொல்லப் போவதில்லை. வரும். ஆனால் 40 நாள் நஷ்டத்தோடு நிறுத்திக்கொள்வதா, வாடிக்கையையே இழப்பதா என்பது, போகிற விதத்தில் இருக்கிறது.

அவருக்கு மார்கழி பிறக்கும்போதே வேலை ஆரம்பமாகிறது. ரயிலில் இப்போது 60 நாள் முன்னால்தான் டிக்கெட் பதிவு செய்யலாம். 2024 நவம்பர் வரை 120 நாளாக இருந்தது. தஞ்சாவூரிலிருந்து கோயமுத்தூருக்கு மன்னார்குடிச் செம்மொழி எக்ஸ்பிரஸும் உண்டு, மாயவரத்திலிருந்து வரும் ஜன சதாப்தியும் உண்டு. மாசி முதல் தேதி புறப்பட, மார்கழி முதல் தேதி வாக்கில் டிக்கெட் எடுத்தாக வேண்டும். டிக்கெட் எடுத்த அன்றைக்கே வாடிக்கைக்காரர்களிடமும் சொல்லிவிட வேண்டும் என்பது என் அபிப்பிராயம். மனசு மாறாமல் இருக்க இதைவிட நல்ல உபாயம் கிடையாது. மாசியில் கலியாணம் வைத்திருக்கிறவர்கள் வேறு ஏற்பாடு செய்துகொள்ள இரண்டு மாதம் அவகாசமும் கிடைக்கிறது. நம்மில் பலர் இங்கேதான் தயங்குகிறோம். “இப்போதே சொன்னால் இப்போதே போய்விடுவார்களோ” என்ற பயம். இரண்டு மாதம் முன்னால் ‘முடியாது’ என்று கேட்டவள் கோபித்துக்கொள்வதில்லை. முகூர்த்தத்துக்கு முதல் நாள் வந்து கதவில் பூட்டைப் பார்க்கிறாளே, அவள்தான் ஜன்மத்துக்கும் மறக்க மாட்டாள்.

அப்புறம் தை 10-ஆம் தேதியோடு துணி வாங்குவதை நிறுத்திவிட வேண்டும். “ஒரே ஒரு ஜாக்கெட்தானே, அக்கா” என்று கெஞ்சுகிறவர்கள் 5 பேர் வருவார்கள். 5 ஒரே ஒரு ஜாக்கெட் சேர்ந்தால் 5 ஜாக்கெட் ஆகிவிடும். தை 25-க்குள் வாங்கிய துணியெல்லாம் தைத்துக் கொடுத்தாகிவிட வேண்டும். மீதி நாலைந்து நாள் எதற்கு என்றால், கொக்கி விழுந்தது, அக்குள் பிடிக்கிறது என்று திரும்பி வருவதைச் சரிபார்க்க. அந்த நாளை வேறு எதற்கும் கொடுத்துவிடாதீர்கள்.

வீட்டைப் பூட்டுவதற்கு முன் வெட்டாத துணி, வெட்டின துணி எதுவும் உள்ளே இருக்கக் கூடாது. பட்டுப் புடவையை ஃபால்ஸ் வைக்கவும் முந்தானைக் குச்சம் கட்டவும் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் மறந்திருப்பார்கள் சிலர். அவர்களுக்கு ஆள் அனுப்பியாவது திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பூட்டிய வீட்டில் எலி இருக்கிறது, ஓட்டு ஒழுக்கு இருக்கிறது. 10,000 ரூபாய்ப் பட்டுக்கு யார் பதில் சொல்வது? முக்கியமாக அளவு ஜாக்கெட்டுகள். ஒவ்வொரு பெண்ணும் தனக்குச் சரியாக இருக்கிற ஒரே ஜாக்கெட்டைத்தான் அளவுக்குக் கொடுத்து வைத்திருப்பாள். அதை நீங்கள் பூட்டிக்கொண்டு போய்விட்டால், வேறு இடத்தில் தைக்கவும் அவளால் முடியாது. அளவையெல்லாம் ஒரு நோட்டில் பேர் போட்டு எழுதிக்கொண்டு ஜாக்கெட்டைக் கொடுத்துவிடுங்கள். நோட்டு உங்களிடம் இருக்கும் வரையில் அவள் பாதி உங்கள் வாடிக்கைதான்.

வாசலில் என்ன எழுதி ஒட்டுவது? “ஊரில் இல்லை” என்று மட்டும் எழுதாதீர்கள். வாடிக்கைக்காரர்கள் மாத்திரமா தெருவில் போகிறார்கள்? “பங்குனி 12 வரை புதுத் துணி வாங்குவதில்லை. பங்குனி 15 முதல் வழக்கம்போல்” என்று எழுதினால் போதும், இதில் வீடு பூட்டியிருக்கிறதா, ஆள் இருக்கிறார்களா என்று யாருக்கும் தெரியாது. அதையே வாட்ஸ்அப்பிலும் அனுப்பலாம். ஆனால் கோயமுத்தூர் போனதும் பேரனோடு எடுத்த போட்டோவைத் தினம் ஒன்றாக ஊருக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தால், வாசலில் சாமர்த்தியமாக எழுதியதற்கு அர்த்தம் இல்லை. வீடு முழுக்கவே பூட்டியிருக்கும் என்றால் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனில் ஒரு வார்த்தை சொல்லி வைப்பது நல்லது. திரும்பும் தேதியை உண்மையில் வரும் தேதிக்கு இரண்டு நாள் பின்னால் போட்டிருப்பதைக் கவனித்தீர்களா? அதற்குக் காரணம் பின்னால் சொல்கிறேன்.

வாடிக்கையை யாரிடம் விட்டுப் போவது என்பதுதான் இவற்றிலெல்லாம் பெரிய கேள்வி.

பாரிஸ் நகரத்தில் ரொட்டிக் கடைக்காரர்களுக்கு வெகு காலமாக ஒரு விதி இருந்தது. கோடை காலத்தில் எல்லாக் கடையும் ஒரே சமயத்தில் மூடிவிட்டால் ஜனங்களுக்கு ரொட்டி கிடைக்காது. ஆகையால் பாதிப் பேர் ஜூலையில் லீவு எடுத்துக்கொள்ள வேண்டும், மீதிப் பேர் ஆகஸ்டில். 2015-ல்தான் அந்தக் கட்டாயத்தை எடுத்தார்கள். கட்டாயம் போனாலும் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. இது நமக்குப் புதிதும் அல்ல. தண்ணீர் குறைந்த வருஷத்தில் இந்த வாய்க்காலுக்கு இத்தனை நாள், அந்த வாய்க்காலுக்கு இத்தனை நாள் என்று முறை வைத்து விடுகிறார்களே, அதே முறைப் பாசனம்தான்.

உங்கள் தெருவிலோ அடுத்த தெருவிலோ உங்களைப் போலவே தைக்கிற இன்னொரு பெண் இருப்பாள். இத்தனை நாள் அவளைப் போட்டிக்காரி என்று நினைத்து முகம் கொடுத்துப் பேசியிருக்க மாட்டீர்கள். நேரே அவள் வீட்டுக்குப் போய், “மாசியில் நான் இல்லை, என் ஆட்களை உன்னிடம் அனுப்புகிறேன். ஆடியில் நீ உன் தாய் வீட்டுக்குப் போ, உன் ஆட்களை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று சொல்லிப் பாருங்கள். கூலி ஒரே மாதிரி இருக்கவேண்டும் என்பதை மட்டும் இருவரும் முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும். அவள் 20 ரூபாய் குறைத்து வாங்கினால் நட்பும் போகும், வாடிக்கையும் போகும். தைக்கிற கூலி அவளுக்கே. அதில் கமிஷன் கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை. உங்கள் ஆட்களில் இரண்டு மூன்று பேர் அவளிடமே தங்கிவிடலாம். அவள் ஆட்களிலும் இரண்டு மூன்று பேர் உங்களிடம் தங்குவார்கள். ஆனால் ஒரு பெண்ணின் தோளுக்கும் அக்குளுக்கும் எங்கே எவ்வளவு விடவேண்டும் என்று 11 வருஷம் தைத்துத் தெரிந்துகொண்ட கை அவ்வளவு சுலபமாக மறந்து போகிறதா என்ன?

கேரியர் சாப்பாட்டு மாமிகளுக்கு இது இன்னும் பொறுப்பான விஷயம். ஜாக்கெட் 40 நாள் காத்திருக்கும், வயிறு காத்திருக்காது. கும்பகோணத்திலும் மாயவரத்திலும் பெரிய பெரிய வீடுகளில் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு வயசான தம்பதிகள் இருவர் மட்டும் இருக்கிறார்கள். பகல் சாப்பாடு உங்கள் கேரியர்தான். அதை நிறுத்தினால் அந்தப் பாட்டி முழங்கால் வலியோடு அடுப்படிக்குப் போகவேண்டும். அல்லது இருவரும் ஓட்டல் சாப்பாடு சாப்பிட்டு வயிற்றைக் கெடுத்துக்கொள்ள வேண்டும். ஆகவே மாற்று ஏற்பாடு செய்யாமல் இந்தத் தொழிலில் லீவு எடுக்கவே கூடாது என்பேன். ஏற்பாடு செய்யும் பெண்ணின் சமையலை நீங்களே ஒரு நாள் வாங்கிச் சாப்பிட்டுப் பாருங்கள். பிறகு ஒரு காகிதத்தில், எந்த வீட்டுத் தாத்தாவுக்குச் சர்க்கரை, எந்த வீட்டில் உப்புக் குறைவு, யார் வீட்டில் வெங்காயம் கூடாது, யாருக்குச் சாதம் குழைவாக வேண்டும், கேரியர் எத்தனை மணிக்குப் போகவேண்டும், அழைப்பு மணி கேட்காத வீடு எது என்பது வரை எழுதிக் கொடுங்கள். நீங்கள் போவதற்கு முன் இரண்டு நாள் அவளையே அனுப்பச் சொல்லிவிட்டு, குறை என்ன என்று வீடு வீடாகப் போய்க் கேட்டு வாருங்கள்.

பம்பாயில் டப்பாவாலாக்கள் இருக்கிறார்கள். 1890-லிருந்து நடந்து வரும் தொழில். வருஷம் முழுவதும் மழையென்றும் வெயிலென்றும் பாராமல் ஆபீஸ்காரர்களுக்கு வீட்டுச் சாப்பாட்டைக் கொண்டு போய்க் கொடுக்கிறவர்கள். அவர்களும் மார்ச், ஏப்ரல் வாக்கில் சேர்ந்தாற்போல் ஐந்தாறு நாள் லீவு போட்டுவிட்டு, புனே பக்கத்துக் கிராமங்களில் குலதெய்வத் திருவிழாவுக்குப் போய்விடுகிறார்கள். முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள், அந்த நாளுக்குச் சம்பளத்தைப் பிடிக்கவேண்டாம் என்று வாடிக்கைக்காரர்களைக் கேட்டும் கொள்கிறார்கள். நம் மாமிகளும் இப்படிக் கேட்கலாமா? டப்பாவாலா கொண்டு போய்க் கொடுப்பது உழைப்பு மாத்திரம். நம் கேரியரில் அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் இருக்கின்றன; வாங்காத அரிசிக்குப் பணம் கேட்க முடியாது. மாதப் பணம் முன்கூட்டி வாங்கியிருந்தால் அனுப்பாத நாளைக்குத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பாட்டு டீச்சரும் டியூஷன் டீச்சரும் மட்டும், வருஷத்துக்கு இத்தனை நாள் லீவு, அதற்குச் சம்பளம் குறையாது என்று பிள்ளையைச் சேர்க்கும்போதே சொல்லிவிடலாம். நடுவில் சொன்னால் எடுபடாது.

இனி வீட்டுக்குள் வருவோம். வாடிக்கைக்காரர்களைவிட வீட்டுக்காரர்களைச் சமாளிப்பதுதான் சிலருக்குக் கஷ்டம். உங்கள் தொழிலில் வரும் பணம்தான் குடும்பம் நடத்துகிறது என்றால், 40 நாள் அது நிற்கப் போகிறது என்பதை எல்லோரும் முன்னாலேயே தெரிந்துகொள்ளட்டும். மாமியாருக்கு மாத்திரை எங்கே, காஸ் புத்தகம் எங்கே, பால் கணக்கு யாரிடம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். ஆனால் 40 நாளைக்கும் குழம்புப் பொடியும் வற்றலும் ஊறுகாயும் செய்து அடுக்கிவிட்டு, முதுகு வலியோடு ரயில் ஏறாதீர்கள். இருக்கிறவர்களுக்கும் கையும் காலும் இருக்கின்றன.

பிரசவம் பார்க்கப் போவது லீவே அல்ல, இன்னொரு வேலை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பத்தியச் சமையல், குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டல், ராத்திரியில் கண் விழிப்பு, மூத்தவனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புதல் என்று மிஷின் மிதிப்பதைவிட அதிகம். திரும்பி வரும் தேதிக்கு இரண்டு நாள் கழித்துப் போடச் சொன்னேனே, இதற்காகத்தான். வந்த அன்றே கதவைத் திறந்து வைத்தால் அன்றே 10 பேர் துணியோடு வந்து நிற்பார்கள். அந்த இரண்டு நாள் யாருக்கும் தெரியாமல் உங்களுக்கே உங்களுக்கு இருக்கட்டும். மத்தியானத்தில் தூங்குங்கள். சாயங்காலம் பெரிய கோவில் பிராகாரத்தில் போய்ச் சும்மா உட்கார்ந்திருங்கள். மூன்றாம் நாள் காலையில் மிஷினுக்கு எண்ணெய் விட்டு, முதலில் பழைய துணி ஒன்றை ஓட்டிப் பாருங்கள். நேரே யாருடைய ஜாக்கெட்டையும் வைத்தால் எண்ணெய்க் கறை பிடித்துவிடும். முதல் வாரத்தில் வழக்கமாக வாங்குவதில் பாதித் துணி மட்டும் வாங்குங்கள். 40 நாளில் விட்டதை 10 நாளில் பிடிக்கப் பார்த்தால், சொன்ன தேதிக்கு ஒன்றும் முடியாமல், இருக்கிறவர்களும் போய்விடுவார்கள்.

சொல்லாமல் வரும் லீவும் ஒன்று இருக்கிறது. காய்ச்சல், கால் பிசகு, கண் ஆபரேஷன், திடீரென்று வரும் துக்கச் செய்தி. அப்போது நோட்டீசும் டிக்கெட்டும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அதற்கு இப்போதே ஒரு நோட்டு போட்டு வையுங்கள். யார் துணி, எப்போது வாங்கியது, எந்தத் தேதிக்குச் சொன்னது, முன்பணம் எவ்வளவு, பாக்கி எவ்வளவு, போன் நம்பர் என்ன என்று எல்லாம் அதில் இருக்கவேண்டும். ஒவ்வொரு துணியிலும் அந்த நோட்டு நம்பரைச் சீட்டு எழுதிக் குத்திவிடுங்கள். இதெல்லாம் உங்கள் தலைக்குள்ளேயே இருக்கிறது என்பது வாஸ்தவம். ஆனால் நீங்கள் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போது உங்கள் பெண்ணோ, வீட்டுக்காரரோ, அந்த அடுத்த தெருத் தையற்காரியோ உங்கள் தலைக்குள் எப்படிப் போய்ப் பார்ப்பார்கள்? மற்றவர்கள் படித்துப் புரிந்துகொள்கிற மாதிரி எழுதுங்கள். “ப.சே. 2, மா.வீ.” என்று எழுதினால் அது பச்சைச் சேலைக்காரி, மாடி வீடு என்று உங்களுக்குத்தான் தெரியும்.

கீழவாசல் சகோதரிக்கு: மார்கழி பிறக்க இன்னும் நாள் இருக்கிறது. அடுத்த தெருப் பெண்ணை முதலில் போய்ப் பாருங்கள். வெறுங்கையோடு போகாதீர்கள், ஒரு சீப்பு பழமாவது வாங்கிக்கொண்டு போங்கள்.